இரும்புக்கு ஒரு யுத்தம்: முட்டை வெள்ளைக்கருவிலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை என்றால் ஹூண்டாய்தான். 1998-ல் முதல் சான்ட்ரோ அங்கிருந்துதான் வெளியே வந்தது. பெயரைக் கேட்டால் இரும்புக்கும் அந்த ஊருக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பது போலத் தோன்றும். பெயரில் இருப்பது இரும்பு இல்லை, இருங்காடு. பெரிய காடு, இருண்ட காடு என்று பொருள் கொள்ளலாம். காடு போய், சிப்காட் வந்து, கடைசியில் இரும்பும் வந்து சேர்ந்துவிட்டது!

ஆனால் இந்தக் கட்டுரை கார் இரும்பைப் பற்றியது இல்லை. அதே சிப்காட் வளாகத்தில் கார்களோடு சேர்ந்து ஆன்டிபயாடிக் மருந்துகளும் தயாராகி வந்தன. ஆர்கிட் என்ற சென்னைக் கம்பெனியின் மருந்து ஆலைகள் அங்கே இருந்தன. 2023-ல் அந்தக் கம்பெனிக்கு ஒரு புதுவகை ஆன்டிபயாடிக்கைத் தயாரிக்கும் உரிமம் கிடைத்தது. பாக்டீரியாவுக்கு இருக்கும் இரும்புப் பசியையே தூண்டிலாக்கி அதைக் கொல்லும் மருந்து அது. பாக்டீரியாவுக்கு எதற்கு இரும்பு? அதை நம்மிடமிருந்து எப்படி எடுக்கிறது? நம் உடம்பு அதை எப்படித் தடுக்கிறது? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அது ஒரு கோழி முட்டையில் ஆரம்பிக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு பெரிய ஆளின் உடம்பில் மொத்தம் மூன்றிலிருந்து நான்கு கிராம் இரும்பு இருக்கும். ஒரு சின்ன ஆணி செய்யலாம், அவ்வளவுதான். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களுக்குள், ஹீமோகுளோபினில் பூட்டிக் கிடக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கல்லீரல் போன்ற கிடங்குகளில் ஃபெரிட்டின் என்ற புரதப் பெட்டிக்குள் இருக்கிறது. ரத்தத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் இரும்பு எந்த நேரத்திலும் மூன்று நான்கு மில்லிகிராம்தான். அதுவும் தனியாகப் போகாது. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். இந்த டிரான்ஸ்ஃபெரினில் சாதாரணமாக மூன்றில் ஒரு இருக்கைதான் நிரம்பியிருக்கும். மற்றவை காலி. ஒரு துளி இரும்பு எங்காவது கசிந்தாலும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள ஆள் தயாராக நிற்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? ஒரு காரணம், தனி இரும்பு நம் செல்களுக்கே ஆபத்து. ஆக்சிஜனோடு சேர்ந்து கண்டதையும் அரித்துவிடும். இன்னொரு காரணம்தான் நம் கதை. மூச்சு விட, சக்தி உண்டாக்க, டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க என்று எல்லாவற்றுக்கும் பாக்டீரியாவுக்கும் இரும்பு வேண்டும். உடம்புக்குள் நுழைந்த பாக்டீரியாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் சாப்பாடு. சர்க்கரை உண்டு, புரதம் உண்டு, கதகதப்பு உண்டு. இரும்பு மட்டும் எங்கே தேடினாலும் பூட்டிய அறைக்குள்!

இதை முதலில் சரியாகக் கண்டுபிடித்தவர்கள் ஆர்தர் ஷேட், லியோனா கரோலின் என்ற இரண்டு அமெரிக்கர்கள். வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் ஷிகெல்லா என்ற கிருமியை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு இருந்தால் அந்தக் கிருமி வளராமல் நின்றுவிடுவதைக் கவனித்தார்கள். வெள்ளைக்கருவில் விஷம் எதுவும் இல்லை, அப்புறம் ஏன்? ஒருவேளை கிருமிக்கு வேண்டிய ஏதோ ஒரு பொருளை வெள்ளைக்கரு பிடித்து வைத்துக்கொள்கிறதோ என்று யோசித்து, ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 31 தனிமங்கள். முப்பதும் பலிக்கவில்லை. இரும்பைச் சேர்த்ததும் கிருமி ஜம்மென்று வளர ஆரம்பித்தது. 1944-ல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. இரண்டு வருஷம் கழித்து 1946-ல், மனித ரத்தத்திலும் இதே வேலையைச் செய்யும் ஒரு பொருள் இருக்கிறது என்று அதே இருவர் காட்டினார்கள். மேலே சொன்ன டிரான்ஸ்ஃபெரின்தான் அது.

வெளி ஓட்டில் ஆயிரக்கணக்கான துளைகள் இருந்தும் முட்டை ஏன் ஃபிரிட்ஜ் இல்லாமலேயே பல நாள் கெடாமல் இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மஞ்சள் கருவில் இரும்பு உண்டு. அதைச் சுற்றி அகழி மாதிரி வெள்ளைக்கரு. கோட்டை என்றால் இதுதான் கோட்டை :-)

தாய்ப்பாலிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. அதில் இருக்கும் புரதத்துக்கு லாக்டோஃபெரின் என்று பெயர். அது சீம்பாலில் மிக அதிகம். குழந்தையின் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை கிருமியைத் தாய்ப்பால் தடுக்கிறது என்பதையும், இரும்பைச் சேர்த்தால் அந்தத் தடை போய்விடுகிறது என்பதையும் 1972-ல் புல்லன், ரோஜர்ஸ், லீ என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். சீம்பால் ஆகாது என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைத்த வீடுகள் நம் பக்கம் எத்தனை! எதைக் கொட்டுகிறோம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

சரி, இது உடம்பின் பக்கம். பாக்டீரியா சும்மா இருக்குமா?

அதற்குள் இன்னொரு மூலையில், உடம்புக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லாத ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. 1952-ல் ஜே.பி. நீலண்ட்ஸ் ஒரு பூஞ்சையிலிருந்து இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன மூலக்கூறைப் பிரித்தெடுத்தார். பூஞ்சை அதை வெளியே அனுப்புகிறது. அது இரும்பைக் கவ்விக்கொண்டு திரும்பி வருகிறது. 1970-ல் குடல் பாக்டீரியாக்களிலும் இதுபோன்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கலிபோர்னியாவில் நீலண்ட்ஸ் குழு, ஆஸ்திரேலியாவில் இன்னொரு குழு, இரண்டும் ஒரே வருஷத்தில், ஒரே பொருளை! ஒருவர் என்டரோபாக்டின் என்றார், இன்னொருவர் என்டரோகெலின் என்றார். இந்த வகை மூலக்கூறுகளுக்கு சிடரோஃபோர் என்று பொதுப்பெயர். கிரேக்கத்தில் இரும்பு சுமப்பவன் என்று பொருள்.

என்டரோபாக்டின் இரும்பைப் பிடிக்கும் பிடி இருக்கிறதே, அதை எழுத 1 போட்டு 49 பூஜ்யம் போட வேண்டும். டிரான்ஸ்ஃபெரினின் பிடி அதற்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் டிரான்ஸ்ஃபெரினின் கையிலிருக்கும் இரும்பையே இது பிடுங்கிக்கொண்டு போய்விடும். பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இதற்கென்றே கதவுகள் இருக்கின்றன. இரும்போடு வரும் சிடரோஃபோரைக் கண்டால் மட்டும் கதவு திறக்கும். இந்தக் கதவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

இதற்கு உடம்பின் பதில் 2002-ல் தெரிய வந்தது. நம் வெள்ளையணுக்கள் சிடரோகாலின் என்ற ஒரு புரதத்தை வெளியிடுகின்றன. அதன் ஒரு முக்கிய வேலை, இரும்போடு திரும்பிப் போய்க்கொண்டிருக்கும் என்டரோபாக்டினை வழியிலேயே மடக்குவது. திருடனிடமே வழிப்பறி! இதற்கும் சால்மோனெல்லா ஒரு பதில் வைத்திருக்கிறது (டைபாய்டு கிருமி இந்தக் குடும்பம்தான்). என்டரோபாக்டினின் மேல் சர்க்கரை மூலக்கூறுகளை ஒட்டி உருவத்தை மாற்றி அனுப்புகிறது. சிடரோகாலினின் பிடிக்குள் அது பொருந்தாது. போலீஸ், திருடன், மாறுவேஷம் எல்லாம் நம் குடலுக்குள்ளேயே நடக்கிறது.

எல்லாக் கிருமிகளும் இப்படிச் சுற்றி வளைப்பதில்லை. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ், ஆள் அனுப்பாமல் நேராக டிரான்ஸ்ஃபெரினையே பிடித்து இழுத்து இரும்பை உருவிக்கொள்ளும். சீழ்க்கட்டிகளில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் இன்னும் முரட்டுத்தனம். சிவப்பணுக்களை உடைத்து ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பை எடுத்துக்கொள்ளும். லைம் நோய்க் கிருமியின் வழி வேறு. அது இரும்பே வேண்டாம் என்று விட்டுவிட்டு மாங்கனீஸை வைத்துக் காலத்தை ஓட்டுகிறது. விலை ஏறிய சரக்கை விட்டுவிட்டு மாற்றுச் சரக்குக்குப் போன வியாபாரி மாதிரி.

காசநோயின் கதை இதில் தனி. அது நம் ஊருக்கும் நெருக்கமான கதை. 19-ம் நூற்றாண்டிலேயே பாரிஸ் மருத்துவர் அர்மான் த்ரூசோ, காசநோய் இருப்பவர்களுக்கு இரும்பு மருந்து கொடுக்காதீர்கள், அடங்கியிருக்கும் நோய் கிளம்பிவிடும் என்று எச்சரித்தார். கிருமி கண்டுபிடிக்கப்படாத காலம் அது. காரணம் தெரியாமல், பார்த்ததை வைத்தே சொன்னார். காசநோய்க் கிருமியின் குடும்பத்துக்கென்று தனியாக மைக்கோபாக்டின் என்ற சிடரோஃபோர் இருக்கிறது. பிரிட்டனில் ஸ்னோ என்பவரும் அவரது சகாக்களும் 1940-களின் கடைசியிலும் 50-களிலும் அதைப் பிரித்து ஆராய்ந்தார்கள்.

அதே காலத்தில், 1956-ல், சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து நடத்திய மையம். நோயாளியை சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதும், வீட்டிலேயே இருக்கவிட்டு மாத்திரை கொடுப்பதும் ஒன்றுதானா என்று அங்கே சோதித்தார்கள். சென்னையின் ஏழைக் குடும்பங்களில் இருந்து வந்த 193 பேர். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டுச் சிகிச்சை எந்த விதத்திலும் குறைவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

அவர்களுக்குக் கொடுத்த இரண்டு மருந்துகளில் ஒன்று பி.ஏ.எஸ். தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய, வயிற்றைப் புரட்டும் மருந்து. இது எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பல வருஷங்கள் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று, மைக்கோபாக்டின் வழியைக் கெடுத்துக் கிருமியை இரும்புப் பட்டினி போடுகிறது என்பது. கேட்க அழகான விளக்கம். ஆனால் 2013-ல் வந்த ஆராய்ச்சி வேறு மாதிரி சொன்னது. கிருமி அதை ஃபோலேட் தயாரிப்பதற்கான மூலப்பொருள் என்று நம்பி உள்ளே எடுத்துக்கொள்கிறது, அதிலிருந்து உருவாகும் போலிப்பொருள் கிருமியையே முடக்குகிறது. இரும்பு விளக்கம் பின்னுக்குப் போனது. ஏமாற்றி உள்ளே போவது என்ற உத்தி மட்டும் அப்படியே இருந்தது, வேறு கதவு வழியாக.

இரும்பு கிடைக்காவிட்டால் கிருமி எவ்வளவு சாதுவாகிவிடும் என்பதற்குப் பிளேக் கிருமிதான் நல்ல உதாரணம். 1896-ல் பம்பாயில் இறங்கி, பிறகு இந்தியா முழுக்க லட்சக்கணக்கில் உயிரைக் குடித்த அதே கிருமி. 1956-ல் ஜாக்ஸன், பர்ரோஸ் என்ற இருவர், வீரியம் இழந்த ஒரு பிளேக் ரகத்தை எடுத்துக்கொண்டார்கள். எலிக்கு அதை மட்டும் ஊசி போட்டால் ஒன்றும் ஆகாது. கூடவே இரும்பையும் ஊசி போட்டால் எலி செத்துவிடும். வீரியம் எங்கேயும் போகவில்லை. இரும்பை எடுக்கும் திறமைதான் போயிருந்தது.

இதனால் இரும்பு எடுக்கும் திறன் இழந்த பிளேக் ரகங்களை ஆபத்தில்லாதவை என்று ஆய்வகங்களில் சாதாரணமாகக் கையாண்டார்கள். 2009 செப்டம்பரில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட ஒரு ரகத்தோடு வேலை செய்துகொண்டிருந்த அறுபது வயது விஞ்ஞானி ஒருவர் அதே கிருமியால் இறந்துபோனார். எல்லோருக்கும் அதிர்ச்சி. இந்தக் கிருமியால் மனிதன் சாக முடியாதே? பிரேதப் பரிசோதனையில் விடை கிடைத்தது. அவருக்கு ஹீமோகுரோமடோசிஸ் என்ற பரம்பரை நோய் இருந்தது. உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் நோய். அப்படி ஒன்று இருப்பது அவருக்கே தெரியாது. ஆய்வகத்து எலிக்கு ஊசியில் போன இரும்பு, இவர் உடம்பில் ஏற்கனவே இருந்தது. 53 வருஷத்துக்கு முன் எலியில் நடந்தது மனிதனில் நடந்துவிட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011-ல் இதை அறிக்கையாக வெளியிட்டது.

இந்த இடத்தில் படிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். வந்தே ஆக வேண்டும். அப்படியென்றால் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை?

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. 1975-ல் யூஜின் வைன்பெர்க், இரும்பை மறைத்து வைத்துக் கிருமியைப் பட்டினி போடும் இந்த ஏற்பாட்டுக்கு ‘ஊட்டச்சத்து எதிர்ப்பாற்றல்’ என்று பெயர் வைத்தார். காய்ச்சல் வந்தால் ரத்தத்தில் இரும்பின் அளவு சட்டென்று இறங்கும். அது பற்றாக்குறை இல்லை, உடம்பே வேண்டுமென்று செய்யும் பதுக்கல். இதை நடத்தும் ஹார்மோன் ஹெப்சிடின். 2000, 2001-ல்தான் கண்டுபிடித்தார்கள். கல்லீரல் ஹெப்சிடினை அனுப்பினால் குடலில் இரும்பு உறிஞ்சப்படுவது நிற்கும், கிடங்குகளின் ஷட்டரும் இறங்கிவிடும்.

1978-ல் ஒரு ஆய்வு வந்தது. சோமாலிய நாடோடிகள் 137 பேர், எல்லோருக்கும் இரும்புச்சத்துக் குறைவு. 71 பேருக்கு இரும்பு, 66 பேருக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 7 தொற்றுகள். இரும்பு சாப்பிட்டவர்களிடம் 36! அடங்கிக் கிடந்த மலேரியாவும் காசநோயும்கூடத் தலைதூக்கின. (அந்தக் கட்டுரையை எழுதிய நான்கு பேருக்கும் முர்ரே என்றுதான் குடும்பப்பெயர்.) 2006-ல் தான்சானியாவின் பெம்பா தீவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவும் கவலை தருவதாகவே இருந்தது. மலேரியா மிகுந்த அந்தத் தீவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சாப்பிட்ட குழந்தைகளில் கடுமையான நோயும் சாவும் 12 சதவீதம் அதிகம். ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆனால் உண்மையிலேயே இரும்புக் குறைவாலான ரத்தசோகை இருந்த குழந்தைகளை மட்டும் தனியாகப் பார்த்தபோது அவர்களுக்கு நன்மைதான் தெரிந்தது.

நம் பக்கத்துக் கணக்கு வேறு. இந்தியாவில் ரத்தசோகைத் தடுப்புத் திட்டம் 1970-ல் ஆரம்பித்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! பிரசவத்தில் சாவது, எடை குறைந்த குழந்தை, படிப்பில் கவனமின்மை, ஷிப்ட் முடிந்து வந்ததும் படியேற முடியாமல் உட்கார்ந்துவிடுவது, எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான இளம்பெண்களும் இந்த வயதுக்காரர்கள்தான். மலேரியா தீவிரமாக இருக்கும் ஒரு தீவின் முடிவை அப்படியே எடுத்து இங்கே ஒட்டி, மாத்திரையைத் தூக்கிப் போடு என்று சொன்னால் அது முட்டாள்தனம். மருத்துவர்கள் சொல்வது எளிமையானது. கடுமையான தொற்று இருக்கும் நாட்களில் இரும்பை நிறுத்தி வை, தொற்று அடங்கியதும் கொடு. மிகக் கடுமையாக மெலிந்துபோன குழந்தைகளுக்கு முதல் கட்டத்தில் இரும்பு கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலே இருக்கிறது. எடை ஏறத் தொடங்கிய பிறகுதான் இரும்பு.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன மருந்துக்கு வருவோம். கதவு ஞாபகம் இருக்கிறதா?

இரும்பு சுமந்து வரும் எதற்கும் கதவு திறக்கிறது என்றால், இரும்போடு விஷத்தையும் கட்டி அனுப்பினால் என்ன? மனிதனுக்கு இந்த யோசனை வருவதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பே மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் இதைச் செய்துகொண்டிருந்தன. 1940-களில் கண்டுபிடிக்கப்பட்ட ஆல்போமைசின் அப்படிப்பட்ட ஒன்று. சிடரோஃபோரின் வாலில் விஷம் வைத்த பொருள். பக்கத்து வீட்டு பாக்டீரியா ஆசையாக உள்ளே எடுத்துக்கொண்டு சாகும்.

மருந்துக் கம்பெனிகள் பல முயன்று தோற்ற பிறகு, ஜப்பானின் ஷியோனோகி கம்பெனி செஃபிடெரோகால் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. 2019 நவம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதித்தது. அடிப்படையில் இது செஃபலோஸ்போரின், அதாவது நமக்குத் தெரிந்த பழைய ஆன்டிபயாடிக் குடும்பம். அதன் ஓரத்தில் என்டரோபாக்டினில் இருப்பது போன்ற ஒரு இரும்புக் கொக்கியை மாட்டியிருக்கிறார்கள். உடம்புக்குள் இரும்பைக் கவ்விக்கொள்ளும். இரும்புப் பஞ்சத்தில் கதவுகளை அகலத் திறந்து வைத்திருக்கும் பாக்டீரியா இதை வரவேற்று உள்ளே விடும். உள்ளே போனதும் செல் சுவர் கட்டும் வேலையை நிறுத்திவிடும். இந்த மருந்து ஒரு கிருமியைக் கொல்லுமா என்று லேபில் சோதிக்க வேண்டுமானால், வளர்ப்புத் திரவத்திலிருந்து முதலில் இரும்பை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் முடிவு சரியாக வராது. ஷேட்டும் கரோலினும் 1944-ல் முட்டை வெள்ளைக்கருவில் பார்த்த அதே பஞ்சத்தை, வேண்டுமென்றே உண்டாக்கிச் சோதிக்கிறார்கள்!

இது நமக்கு ஏன் முக்கியம்? 2010-ல் ‘லான்செட்’ குழுவின் இதழ் ஒன்றில் என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணுவைப் பற்றிய கட்டுரை வந்தது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையே உடைத்துப் போடும் மரபணு. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அது இருந்தது. பெயரில் ‘புது டெல்லி’ இருக்கிறது என்று பெரிய சண்டை நடந்தது. பெயரைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கிருமியைப் பற்றிப் பேசினோமா என்பது சந்தேகம். 2012-ல் மருத்துவர் சங்கங்கள் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ கொண்டுவந்தது மட்டும் ஒரு நல்ல விளைவு. இப்படி மற்ற மருந்துகளுக்கு மசியாத கிருமிகளுக்காகத்தான் செஃபிடெரோகால். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். பணக்கார நாடுகளின் விலையில் நம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அது எட்டாது.

இங்கேதான் இருங்காட்டுக்கோட்டையின் கதை குறுக்கே வருகிறது. 1992-ல் சென்னையில் ஆர்கிட் கம்பெனி தொடங்கியது. முக்கியச் சரக்கு செஃபலோஸ்போரின். இந்த மருந்துகளின் தூள் கொஞ்சம் மற்ற மருந்துகளில் கலந்தாலும் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பதால், இவற்றுக்குத் தனி ஆலை, தனிக் காற்றோட்டம் என்று வைக்க வேண்டும். முதல் போட்டால்தான் உள்ளே வர முடியும் என்ற தொழில். ஆர்கிட் மூலமருந்தை ஆலத்தூரிலும், ஊசி மருந்து, மாத்திரைகளை இருங்காட்டுக்கோட்டையிலும் செய்தது. கடன் ஏறியது. 2010-ல் இருங்காட்டுக்கோட்டையின் ஊசி மருந்து ஆலையை அமெரிக்காவின் ஹோஸ்பிராவுக்கு ஏறக்குறைய 40 கோடி டாலருக்கு விற்றது. 2015-ல் ஹோஸ்பிராவையே ஃபைசர் வாங்கிவிட்டது. 2019 ஜனவரியில், அதாவது செஃபிடெரோகாலுக்கு அனுமதி கிடைத்த அதே வருஷம், இருங்காட்டுக்கோட்டை ஆலையையும் அவுரங்காபாத் ஆலையையும் மூடப்போவதாக ஃபைசர் அறிவித்தது. சரக்குக்கு நீண்டகாலத் தேவை குறைந்துவிட்டது என்பது காரணம். இரண்டிலும் சேர்த்து சுமார் 1700 பேருக்கு வேலை போனது. உலகம் முழுக்க ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி பெருகுகிறது, ஆன்டிபயாடிக் ஆலைக்குத் தேவை இல்லை என்று பூட்டுகிறார்கள்! பழைய மருந்து கிருமியிடம் பலிக்கவில்லை, விலையும் விழுந்துவிட்டது. புது மருந்தை எப்போதாவது ஒருவருக்குத்தான் கொடுக்க வேண்டும், நிறைய விற்றால் அதற்கும் கிருமி பழகிவிடும். விற்காமல் வைத்திருக்க வேண்டிய சரக்கை எந்தக் கம்பெனி தயாரிக்கும்? வணிகவியல் பாடப்புத்தகத்தில் இதற்கு விடை இல்லை.

ஆர்கிட்டும் 2017-ல் திவால் சட்டத்தின் கீழ் போய், 2020-ல் தனுகா லேபரட்டரீஸ் கைக்கு மாறியது. ஆனால் திவாலுக்கு முன் அதன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்து, 2013-ல் ஐரோப்பிய கம்பெனி ஒன்றுக்குக் கைமாற்றிக் கொடுத்த என்மெடாசோபாக்டம், 2024 பிப்ரவரியில் இன்னொரு மருந்தோடு சேர்த்து எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது. கம்பெனி விழுந்தாலும் மூலக்கூறு பிழைத்துக்கொண்டது.

செஃபிடெரோகால் விஷயத்தில், லாபநோக்கமில்லாத கார்ட்பி என்ற அமைப்பு 2022-ல் ஷியோனோகியோடு ஒப்பந்தம் போட்டது. 135 நாடுகளுக்கு மலிவாகக் கொடுப்பதற்கான உரிமை. அடுத்த வருஷம் கார்ட்பி தயாரிப்பு உரிமத்தை ஆர்கிட்டுக்குக் கொடுத்தது. செஃபலோஸ்போரினைப் பெரிய அளவில் செய்யத் தெரிந்தவர்கள் வேண்டும், இவர்களுக்கு அது முப்பது வருஷப் பழக்கம்.

மருந்தும் மாயமந்திரம் இல்லை. அசினெடோபாக்டர் என்ற ஆஸ்பத்திரிக் கிருமி தொற்றியவர்களில், ஆய்வொன்றில் மற்ற மருந்து எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்கள் அதிகம் பேர் இறந்தார்கள். மருந்தோடு வரும் குறிப்பிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது. பாக்டீரியாவும் பாடம் படித்துவிட்டது. இந்த மருந்து நுழையும் இரும்புக் கதவின் மரபணுவைச் சிதைத்துக்கொண்டு தப்பிக்கும் ரகங்கள் நோயாளிகளிடமே கிடைத்திருக்கின்றன. என்.டி.எம். வைத்திருக்கும் கிருமி இந்தக் கதவையும் மூடிக்கொண்டால் மருந்து வெளியே நிற்க வேண்டியதுதான். ஒரு கதவை மூடினாலும் அதற்கு இரும்பு வேண்டும். வேறு சிடரோஃபோர், வேறு கதவு என்று எதையாவது வைத்துச் சமாளிக்கிறது. அந்த மற்றக் கதவுகளுக்குப் பொருந்தும் கொக்கிகளை இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.